வாயால் சொல்லி, பிறகு லிங்

சூட்டி, நீ போன செய்தி, நீ எனக்குச் சொல்லித் தந்த வழியால்தான் வந்தது. முற்றத்தில் நெல் காயப்போட்டுவிட்டுக் கோழி துரத்திக்கொண்டு நின்றேன். போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால் உன் படம். படத்துக்குக் கீழே நீல எழுத்தில் ஒரு வரி. அதற்கும் கீழே கைகூப்பின பொம்மை. அனுப்பினது கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன். தட்டாமலே விளங்கிவிட்டது. ஆனாலும் தட்டினேன். லிங் என்கிற அந்த நீல எழுத்து செய்தி இல்லை, உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்தவள் நீதானே.

கொஞ்சம் பொறுத்து உன் அண்ணர், என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்தார். "லிங் பாத்தனியோ?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "எனக்கு உனக்குச் சொல்ல வாய் வரேல்லை. அதான் முதல் அவனுக்குச் சொன்னனான்" என்றார். "சூட்டி இருந்திருந்தால் உங்களை நல்லாப் பேசியிருப்பாள்" என்றேன். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம்.

இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் கனபேருக்கு அவளுடைய பதிவுப் பெயர் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவள் சூட்டி. வீட்டில் கடைசிப் பிள்ளை. எனக்கு மச்சாள், என் வீட்டுக்காரரின் தங்கை. நான் கலியாணம் முடித்து உயிலங்குளத்துக்கு வந்தபோது வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டு இருந்தாள். அவள் கலியாணம் செய்யவில்லை. எங்களோடுதான் இருந்தாள். முருங்கன் சந்தியில் போட்டோக்கொப்பியும் கொம்பியூட்டரும் வைத்துக் கடை நடத்தினாள். முப்பத்தோராம் நாள் மலருக்கு என்னையும் எழுதச் சொன்னபோது, ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்னத்தை எழுதுவது என்று கேட்டேன். "நீங்கள்தானே அவளோட இருந்தனீங்கள், கதைக்கிற மாதிரி எழுதுங்கோ" என்றார்கள். அப்படியே எழுதுகிறேன்.

அவள் கடையில் பாதி வேலை இந்த லிங்கோடுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு மீயிணைப்பு என்று பெயராம். கடைக்கு வருகிற பிள்ளைகள் அப்படித்தான் சொல்லுவார்கள். தொடுப்பு என்று சொல்லுகிற ஆட்களும் உண்டு. எனக்கு எந்தப் பெயரும் விளங்கவில்லை. ஒருநாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் கேட்டேன்.

"உந்த நீல எழுத்து என்னடி? எல்லாரும் தட்டு தட்டு எண்டுகினம்."

"மச்சாள், எங்கட வீட்டு வேலிப் படலையைத் தெரியுமோ?"

"ஏன், நேற்றும் நான்தான் பூட்டினனான்."

"அதுதான் லிங். வீடு இல்லை, வீட்டுப் படலை. படலையைப் பாத்துப்போட்டுப் போற ஆளுக்கு உள்ளுக்கு என்ன கறி எண்டு தெரியுமோ? தள்ளிக்கொண்டு உள்ள வரவேணும். உள்ள வந்தால் அங்க இன்னொரு படலை இருக்கும், அதுக்குள்ளாலயும் போகலாம். உலகத்தில இருக்கிற எழுத்தெல்லாம் இப்பிடி வேலிக்கு வேலி படலை வைச்சு இருக்குது."

"எங்கட பக்கத்து வீட்டுக்காரனைப் போல வேலிச்சண்டை பிடிக்கிற ஆக்கள் இல்லையோ?"

"இருக்கினம். அவை பூட்டுப் போட்டு வைச்சிருப்பினம்."

எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. கனக்கப் படித்த ஆட்கள் சொல்லியும் விளங்காதது, படலை என்றதும் விளங்கியது. ஏனென்றால் அவள் என் மூளைக்குப் பக்கத்தில் இருந்த சாமானை எடுத்துச் சொன்னாள். ஆருக்கும் அப்படித்தான் சொல்லுவாள். கடல்காரர் வந்தால் வேறு மாதிரி, வாத்தியார் வந்தால் வேறு மாதிரி.

லிங்குக்கும் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதை அவள் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. என் வீட்டுக்காரரே காட்டித் தந்தார். குளத்துத் தண்ணீர் எந்த வயல் கண்டத்துக்கு என்றைக்குத் திறப்பது என்று விவசாயிகள் சங்கம் முடிவெடுக்கும். அதை ஒரு பக்கத்தில் எழுதிவைத்து, லிங்கைக் கமக்காரரின் வட்ஸ்அப்புக்குச் சூட்டிதான் அனுப்புவாள். இவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, படம் பிடித்து வைத்துக்கொண்டார். இடையில் மழை வந்தது. சங்கம் நாளை மாற்றியது. சூட்டி அதே பக்கத்தில் நாளைத் திருத்திவிட்டாள். லிங்கைத் தட்டிப் பார்த்த ஆட்கள் புது நாளுக்குப் போனார்கள். இவர் பழைய நாளுக்கு விடிய எழும்பி, மண்வெட்டியும் தோளுமாய் வாய்க்காலடியில் போய் நின்றார். வாய்க்காலில் தவளை கூட இல்லை.

திரும்பி வந்து தங்கைச்சியோடு பாய்ந்தார். "நீ அனுப்பினதைத்தானடி பாத்துப் போனனான்."

"நான் படலையைக் காட்டினனான் அண்ணை. நீங்கள் படலையைப் படம் பிடிச்சுப் பொக்கற்றுக்க வைச்சிருக்கிறியள். உள்ளுக்கு அடுப்பு மாறினது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் ஊரில் இவருக்குப் "படலை" என்றே பெயர். இப்போதும் கூப்பிடுகிற ஆட்கள் இந்த மலரையும் வாசிப்பார்கள், கூப்பிடுங்கோ.

இன்னொன்றும் சொல்லுவாள். இலவசமாய் அது தருகிறோம் இது தருகிறோம் என்று ஆர் ஆரோ அனுப்புகிற நீல வரிகளைத் தட்டக்கூடாது. "தெரியாத படலையைத் தட்டாதேங்கோ மச்சாள், நாய் நிக்கும்" என்பாள். எங்கள் ஒழுங்கையில் ஒருத்தி தட்டி, அவளுடைய போனில் இருந்து ஊருக்கெல்லாம் ஆபாசப் படம் போய், கோயிலுக்கு வர வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தாள். சூட்டிதான் வீட்டுக்கு வீடு போய், அது அவள் அனுப்பினது இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லுவது அவளுக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயமாய் இருந்தது என்பதை நான் எழுதத்தான் வேண்டும். அதை எழுதாவிட்டால் சூட்டியைப் பற்றி எழுதினதாக ஆகாது. அவளே மறைக்காத விஷயம்.

என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். மலர் என்று பெயர். எனக்கு அவவும் மச்சாள்தான். ஓலைத்தொடுவாயில் அந்தோனி அண்ணையை முடித்து, வேதக்காரராகி, அங்கேயே இருக்கிறார். கரைவலைக் குடும்பம், கடற்கரையில் மீன் காயப்போடுகிற கருவாட்டு வாடியும் உண்டு. வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். சூட்டியைத் தூக்கி வளர்த்ததே மலர் மச்சாள்தான்.

மாமி செத்தபோது சூட்டி கடை திறந்த புதிது. மரண அறிவித்தலைத் தானே கொம்பியூட்டரில் செய்தாள். எங்கள் ஊரில் அப்படிச் செய்தது அதுதான் முதல். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு நடந்தால் உறவில் இரண்டு பேர் புறப்பட்டு, படலை படலையாய்ப் போய், வாயால் சொல்லுவார்கள். சொல்லாத வீடு வராது, கோபமும் போகாது. சொல்லப் புறப்பட்ட ஆட்களைச் சூட்டி மறித்தாள். "லிங் எல்லாருக்கும் போட்டாச்சு. லண்டனுக்கே போயிட்டுது, நீங்கள் ஏன் சைக்கிள் உழக்கிறியள்?" என்றாள். மலர் மச்சாளுக்கும் லிங்தான் போனது.

மலர் மச்சாள் வாடியில் மீன் கீறிக்கொண்டு இருந்திருக்கிறார். போனில் நீல வரி வந்தது. படம் தெரிகிற போன் இல்லை அது. ரீலோட் மலிவு, போட்டோக்கொப்பி மலிவு என்று சூட்டி அடிக்கடி அனுப்புகிற வரிதான் இதுவும் என்று நினைத்து, மீன் கையோடு வைத்துவிட்டார். தாய் செத்தது அவருக்குத் தெரிந்தது மன்னார்ச் சந்தையில், கத்தரிக்காய் விற்க வந்த எங்கள் ஊர்ப் பொம்பிளை சொல்லி. அவர் வந்து சேர்ந்தபோது சுடலைக்குப் போன ஆண்கள் குளித்துவிட்டு வந்திருந்தார்கள்.

படலைக்கு வெளியே நின்றபடி கேட்டார். "என்ர அம்மா செத்ததை எனக்கு ஆர் சொன்னது?"

"லிங் அனுப்பினனான் அக்கா."

"லிங்கோ? உனக்கு வாய் இல்லையோடி? உனக்குக் கதைக்கப் பழக்கினதே நான்."

அவ்வளவுதான். உள்ளே கால் வைக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. வந்த பஸ்ஸின் தூசி அடங்க முதல் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வரவே இல்லை.

சூட்டி அழுது நான் கனக்கக் காணவில்லை. ஆனால் கடையில் ஒரு சட்டம் வந்தது. மரண அறிவித்தல் செய்ய ஆர் வந்தாலும் முதல் கேள்வி, "வாயால ஆருக்கெல்லாம் சொல்லியாச்சு?" கூடப்பிறந்ததுகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஓராள் வாயால் சொல்லாமல் லிங்கைக் கையில் கொடுக்க மாட்டாள். தூரத்து ஆளென்றால் போனிலாவது குரலாய்ப் போக வேண்டும். ஒருமுறை ஓர் ஐயா, தமையன் செத்துப்போனதுக்கு வந்து நின்று கத்தினார். "பிள்ளை, நான் அறிவித்தல் போட வந்தனான். நீ என்ன விதானையோ, விசாரணை வைக்கிறாய்?"

"மதவாச்சியில இருக்கிற தங்கைச்சிக்குச் சொன்னியளோ ஐயா?"

"அவளோட கதைக்கிறேல்லை."

"அப்ப இண்டைக்குக் கதையுங்கோ. இந்தாங்கோ, என்ர போன்."

அந்த மனிசன் கதிரையில் இருந்து, சூட்டியின் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நான் அண்ணை கதைக்கிறன்" என்று சொன்னவர், பிறகு தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அங்கே நின்றேன். சூட்டி போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கம் திரும்பி, வெறும் கடதாசியைத் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டு நின்றாள்.

எங்கள் குடும்பத்துக்கும் அவள் ஒரு பக்கம் செய்து வைத்திருந்தாள். மாமா மாமி படம் மேலே. அதற்குக் கீழே எல்லார் பெயரும். எங்கள் பெயரைத் தட்டினால் எங்கள் பிள்ளைகள் நிற்கிற படம் வரும். சித்தப்பா வீட்டைத் தட்டினால் கனடாவில் பனிக்குள் நிற்கிற படம் வரும். எல்லாப் பெயரும் நீலம், இரண்டைத் தவிர. மலர் மச்சாளின் பெயர் கறுப்பு. சூட்டியின் பெயரும் கறுப்பு.

"பெரியவவின்ர பேரையும் நீலமாக்கன், அவவின்ர பிள்ளையளின்ர படம் இருக்குதுதானே" என்றேன் ஒருநாள்.

"கேக்காமல் ஒருத்தரின்ர வீட்டுக்குப் படலை வைக்கிறதோ மச்சாள்? அக்கா ஓம் எண்டு சொல்லட்டும், வைக்கிறன்."

"அப்ப உன்ர பேர் ஏன் கறுப்பு?"

"நான்தானே இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன். என்னைப் பாக்க வேணும் எண்டவை கடைக்கு வரட்டும்."

கேட்கவும் போனாள். கடையைப் பூட்டிவிட்டு ஓலைத்தொடுவாய்க்குத் தனிய பஸ் ஏறினாள். அந்தோனி அண்ணை கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்திருக்கிறார். மலர் மச்சாள் வாடிக்குள் போனவர் வெளியே வரவில்லை. பொழுதுபடும் வரை இருந்துவிட்டு, அந்தோனி அண்ணை கட்டித் தந்த கருவாட்டோடு திரும்பி வந்தாள். அடுப்படியில் பையை வைத்துவிட்டுச் சொன்னாள். "படலை திறந்துதான் இருந்தது மச்சாள். ஆள்தான் வரேல்லை. ஆனால் கருவாடு அக்கா கட்டினது. அந்த முடிச்சு எனக்குத் தெரியும்."

பிறகு வருத்தம் வந்தது. இரண்டு சிறுநீரகமும் பழுதென்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாய் இருந்தாள். போகிற நாளிலும் கடைச் சாவியை என்னிடம் தந்து, ஆர் வந்தால் என்ன செய்வதென்று சொல்லித் தருவாள். எழுத்தை விரலால் பிடித்து நிறம் வரப்பண்ண வேண்டும். மேலே இருக்கிற சங்கிலிப் படத்தைத் தட்ட வேண்டும். போக வேண்டிய இடத்தை அதற்குள் ஒட்ட வேண்டும். நீலமாகிவிடும். "ஆக்கினாப் பிறகு ஒருக்காத் தட்டிப் பாருங்கோ மச்சாள். நீலமாய் இருந்தால் காணாது, உள்ளுக்கு வீடு இருக்க வேணும். படலை மட்டும் நிண்டு, வீடு இடிஞ்சு போன லிங்குகள் ஊர்ப்பட்டது கிடக்குது." நான் பயந்து பயந்து தட்டுவேன். "கொம்பியூட்டர் கடிக்காது, நான்தான் கடிப்பன்" என்பாள்.

அவள் போன அன்றைக்கு, அண்ணர் போனை வைத்த பிறகு நான் சேலையை மாற்றினேன். அயலில் வந்து நின்ற ஆட்கள் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். ஓலைத்தொடுவாய்க்கு என்றேன். "செத்தவீட்டை விட்டுப்போட்டோ? லிங் போயிருக்கும்தானே, பாத்திருப்பா" என்றாள் ஒருத்தி. நான் ஓட்டோவில் ஏறிவிட்டேன். பாலம் தாண்டி, மன்னார் தாண்டி, தலைமன்னார் றோட்டில் போகும்போது ஒரே ஒரு யோசினைதான். மலர் மச்சாள் வராமல் சூட்டியை எடுத்தால், அந்த ஒரு பிழையோடேயே அவள் போய்விடுவாள்.

மலர் மச்சாள் படலையடியில் கதிரை போட்டு இருந்தார். குளித்து, வெளிறின சேலை கட்டி, மடியில் பை. வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. அந்தோனி அண்ணை சேட்டுப் போட்டுக்கொண்டு வேம்புக்குக் கீழே நின்றார். என்னைக் கண்டதும் கையை விரித்தார். "காலமை லிங் பாத்த நேரம் தொடங்கி இப்பிடித்தான் இருக்கிறா. போவம் எண்டாலும் எழும்புறா இல்லை. ஆரும் வந்து சொன்னால்தான் போவாவாம்."

மலர் மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியாத ஆளைப்போல, "என்ன?" என்று கேட்டார்.

நான் படலைக்கு வெளியே நின்று, சொல்லுகிற முறையில் சொன்னேன். "மச்சாள், எங்கட சூட்டி விடியப்புறம் போயிட்டாள். நாளைக்குப் பின்னேரம் எடுக்கினம். நீங்கள் வரவேணும்."

"ஆர் உன்னை அனுப்பினது?"

"சூட்டியின்ர சட்டம் மச்சாள். முதல் வாயால் சொல்லவேணும், பிறகுதான் லிங். கடையில ஆர் வந்தாலும் அப்பிடித்தான்."

"அந்தச் சட்டம் எப்ப போட்டவள்?"

"மாமி செத்த பிறகு."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். கதிரையோடு சேர்த்து அந்தோனி அண்ணை பிடித்துக்கொண்டார்.

ஓட்டோ பாலத்தில் ஏறினபோது மலர் மச்சாள் என் கையைப் பிடித்தார். "அம்மாவையும் சொல்லு. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். நான் சொன்னேன். மாமி அன்றைக்கு என்ன சாப்பிட்டார், ஆரைக் கேட்டார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், எல்லாம். உயிலங்குளம் வரும்வரை சொன்னேன்.

சூட்டியைக் கொண்டுவந்து கிடத்தினபோது தலைமாட்டில் இருந்தது மலர் மச்சாள்தான். "வாய்க்கு வாய் காட்டுவியே, இப்ப காட்டன் பாப்பம்" என்று பேசிக்கொண்டே தலையைத் தடவினார். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியும்வரை எங்களோடு இருந்தார். போக முதல் என்னைக் கூட்டிக்கொண்டு முருங்கனுக்கு வந்து கடையைத் திறக்கச் சொன்னார். குடும்பப் பக்கத்தைக் காட்டினேன். தன் பெயர் கறுப்பாய் இருப்பதைப் பார்த்தார். அது ஏன் அப்படி என்று சொன்னேன்.

"'உங்கட பேரை நீலமாக்கட்டோ மச்சாள்' எண்டு நீ கேள்" என்றார்.

கேட்டேன்.

"ஆக்கு" என்றார்.

எழுத்தைப் பிடித்து, சங்கிலியைத் தட்டி, ஒட்டினேன். பிறகு சூட்டி சொன்ன மாதிரி ஒருமுறை தட்டிப் பார்த்தேன். ஓலைத்தொடுவாய் வீடு திறந்தது. வேம்பு, அந்தோனி அண்ணை, பிள்ளைகள், நடுவில் மலர் மச்சாள்.

கடையைப் பூட்டப் போவதில்லை. இதை அவளைத் தெரிந்த எல்லாருக்கும் இந்த மலரிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய வேலை எனக்கு வராது. மரண அறிவித்தல் வரும், தண்ணீர் திறக்கிற நாள் வரும், அதைச் செய்வேன். சட்டமும் அதே சட்டம்தான். முதல் கேள்வியை நான் கேட்பேன், கோபிக்காதேங்கோ. அவளிடம் இருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். சாவி பிறகு வந்தது.

ஒரு வேலை மட்டும் மிச்சம் கிடக்கிறது, சூட்டி. பக்கத்தில் இப்போது ஒரே ஒரு பெயர்தான் கறுப்பு. உன்னைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் கடைக்கு வரட்டும் என்றாய். வருகிறார்கள், நீ இல்லை. அண்ணர் உன் மரண அறிவித்தலோடு இணைக்கச் சொல்கிறார். அக்கா நீ சின்னதில் கருவாட்டு வாடியில் நிற்கிற படத்தோடு இணைக்கச் சொல்கிறா. கேட்காமல் ஒருத்தரின் வீட்டுக்குப் படலை வைக்கக்கூடாது என்று சொன்னவள் நீ. நானும் சங்கிலிப் படத்தில் விரலை வைத்தபடி இருக்கிறேன். உன்ர பேரைத் தட்டினால் எங்கே போகவேணும், சூட்டி?